பிரேக்கின் ஒரு சாண் குழாய்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் செல்லும் சாலையில் நீங்கள் பஸ்ஸில் போயிருந்தால், ஒரு விசித்திரமான வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது, பயணிகள் உட்கார இடமும் கிடையாது. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், ஓர் எஞ்சின், கீழே சக்கரங்கள். முன்னால் தற்காலிகமாகப் பொருத்திய ஓர் ஆசனத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு டிரைவர். இதைத்தான் ‘சேசிஸ்’ என்கிறார்கள். கூடு கட்டும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது பஸ்ஸாக மாறும். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் கார் பூட்டத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய தொழிற்சாலை இருக்கிறதே, அதன் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அடுத்த முறை அப்படி ஒரு சேசிஸ் உங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றால், டிரைவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சட்டத்தை ஒட்டியே மெல்லிய குழாய்கள் ஓடும். அங்கங்கே பட்டை போட்டு ஆடாமல் இறுக்கியிருப்பார்கள். சக்கரத்தின் அருகே வந்ததும் குழாய் சட்டத்தை விட்டு இறங்கி, அச்சுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் கொஞ்சம் தொய்வாக வளைந்து தொங்கும். அதன் நீளம் பெரும்பாலும் ஒரு சாணிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும்.

எல்லா இடத்திலும் இறுக்கிக் கட்டியவர்கள் இங்கே மட்டும் ஏன் தொய்வாக விட்டார்கள்? இந்தக் கேள்வியின் முழு அர்த்தமும் எனக்குப் புரிந்தது திருவொற்றியூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில். அங்கே ஒரு பழைய ஜீப் நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகும் வண்டி. அதன் சொந்தக்காரர் காட்டுப் பாதையில் ஓட்ட ஆசைப்பட்டு, வேறெங்கோ ஒரு பட்டறையில் நீளமான பட்டைச் சுருள்களைப் போட்டு வண்டியைச் சுமார் எட்டு செ.மீ. உயர்த்தியிருந்தார். டயரும் பெரிது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் “பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது” என்று கொண்டு வந்திருந்தார்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். அப்புறம் சட்டத்துக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழுந்து, அச்சோடு சேர்ந்து கீழே தொங்கின. “நிக்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் சார். தொங்கவிட்டுப் பாக்கணும்” என்றார். குனிந்து பார்த்தேன். சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே இருந்த ரப்பர் குழாய் வில்லில் கட்டிய நாண் போல விறைத்து நின்றது!

இதில் என்ன ஆபத்து என்று சொல்வதற்கு முன், அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போமா?

ஜீப், கார் போன்ற சிறிய வண்டிகளில் பிரேக்கை இயக்குவது ஒரு திரவம். நீங்கள் பாடத்தில் படித்த பாஸ்கல் விதிதான் இங்கே வேலை செய்கிறது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். 1662இல் இறந்துபோன பாஸ்கலுக்கு மோட்டார் வண்டி என்றால் என்னவென்றே தெரியாது. அவருடைய விதியைச் சக்கரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனியின் பெயராக நாம் அறிந்த அதே லாக்ஹீட் குடும்பம்தான். 1921இல் டூசன்பர்க் என்ற காரில் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் வந்தது. அதற்கு முன் கம்பியும் தண்டும் கொண்டுதான் பிரேக்கை இழுத்தார்கள். நான்கு கம்பிகளையும் ஒரே அளவு இறுக்கத்தில் வைத்திருப்பது பெரும்பாடு. ஒன்று தளர்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். திரவத்துக்கு இந்த வம்பே கிடையாது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். டிரைவர் பெடலை 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மிதிக்கிறார். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டர் என்னும் முதன்மை உருளையின் பிஸ்டனை 100 கிலோ விசை தள்ளும். பிஸ்டனின் பரப்பு 3 சதுர செ.மீ. என்றால், திரவத்தின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 33 கிலோ. சக்கரத்திலுள்ள உருளையின் பிஸ்டன் 4.5 சதுர செ.மீ. பரப்புடையதாக இருந்தால், அங்கே 150 கிலோ விசை கிடைக்கும். காலால் மிதித்தது 20. ஒவ்வொரு சக்கரத்திலும் கிடைப்பது 150!

ஆனால் இயற்கை இலவசமாக எதையும் தருவதில்லை. விசை பெருகினால், நகரும் தூரம் குறையும். பெடல் 10 செ.மீ. இறங்கினால் முதன்மைப் பிஸ்டன் 2 செ.மீ.தான் நகரும். அது தள்ளும் திரவம் 3 × 2, அதாவது 6 கன செ.மீ. ஒரு மேசைக்கரண்டியில் பாதிக்கும் குறைவு. நான்கு சக்கரங்களும் இந்தச் சிறிய அளவைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இதில் ஒரு கன செ.மீ. வழியில் திருடு போனாலும் டிரைவரின் காலுக்குத் தெரிந்துவிடும்.

திருடுவது யார்? இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத புதிய சிரிஞ்சு இரண்டு வாங்குங்கள். ஒன்று 5 மி.லி., மற்றது 20 மி.லி. மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் ஒரு சாண் வெட்டி, மை கலந்த நீரை நிரப்பி, இரண்டையும் இணையுங்கள். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. சிறிய சிரிஞ்சை நீங்கள் அழுத்துங்கள். பெரியதன் தண்டை உங்கள் நண்பர் அழுத்தித் தடுக்கட்டும். நண்பர் எவ்வளவு பலசாலியானாலும் திணறுவார்.

இப்போது குழாயில் வேண்டுமென்றே ஒரு பெரிய காற்றுக் குமிழியை விட்டு மறுபடி அழுத்துங்கள். உங்கள் தண்டு இறங்கும். நண்பருடைய தண்டு தயங்கும். காற்று சுருங்கி உங்கள் உழைப்பை விழுங்குகிறது. பிரேக்கில் இதே குமிழி இருந்தால்தான் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். மெக்கானிக்குகள் ‘ஏர் எடுப்பது’ இந்தக் குமிழியை வெளியேற்றத்தான்.

மூன்றாவது சோதனைதான் நமக்கு முக்கியம். மீன் தொட்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வ் ட்யூபை மாட்டி, இரு முனையையும் நூலால் கட்டுங்கள். அந்த ட்யூபில் தண்ணீரை ஏற்றி, அது பலூன் போல உப்பியதும் பிறர் மேல் பீய்ச்சி விளையாடியவர்கள் உங்களில் எத்தனை பேர்? அதேதான் இங்கேயும் நடக்கும். நீங்கள் அழுத்தினால் ட்யூப் உப்பும். நண்பரின் தண்டு அசையாது. உள்ளே காற்று இல்லை, கசிவும் இல்லை. ஆனாலும் பிரேக் இல்லை!

உண்மையான பிரேக் குழாய் வால்வ் ட்யூப் போல உப்பிவிடக் கூடாது என்பதற்காகவே, அதன் ரப்பருக்குள் நூல் பின்னல் ஒன்றோ இரண்டோ வைத்திருப்பார்கள். ஆனாலும் கொஞ்சம் உப்பத்தான் செய்யும். அமெரிக்க அரசின் விதி, சாதாரண வகை மெல்லிய பிரேக் குழாய் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 70 கிலோ அழுத்தத்தில், ஓர் அடி நீளத்துக்கு 0.66 கன செ.மீ.க்கு மேல் உப்பக் கூடாது என்கிறது. வரம்பைத் தொடும் குழாய் மூன்று அடி இருந்தால் இரண்டு கன செ.மீ. போய்விடும். நாம் போட்ட கணக்கில் மொத்தமே ஆறுதானே! அதே விதி, குழாயைச் சாட்டை போல ஆட்டும் இயந்திரத்தில் 35 மணி நேரம் தொடர்ந்து ஓட்டியும், சுமார் 147 கிலோ விசையால் நீளவாக்கில் இழுத்தும் சோதிக்கச் சொல்கிறது.

ஆட்டியும் இழுத்தும் ஏன் சோதிக்க வேண்டும்? சட்டமும் அச்சும் ஒரே இடத்தில் நிற்பவை அல்ல. சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும், மேட்டில் ஏறும். முன் சக்கரம் இடமும் வலமுமாகத் திரும்பவும் வேண்டும். அங்கே உலோகக் குழாயைப் போட்டால், கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பீர்களே, அது போல ஒரு நாள் ஒடியும். உலோகத்தின் களைப்பு என்று இதைச் சொல்வார்கள். அதனால்தான் சேசிஸில் மற்ற இடமெல்லாம் இறுக்கமான குழாய், அசையும் இடத்தில் மட்டும் ரப்பர்.

இப்போது ஜீப்புக்கு வருவோம். எண்கள் வெறும் உதாரணத்துக்குத்தான். குழாயின் நீளம் 35 செ.மீ. வண்டி நிற்கும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே 22 செ.மீ. பெரிய பள்ளத்தில் அச்சு இன்னும் 10 செ.மீ. இறங்கினால் 32. இன்னும் 3 செ.மீ. தொய்வு மிச்சம் இருக்கிறது. வண்டியை 8 செ.மீ. உயர்த்திய பின்? நிற்கும்போது 30. அப்போதும் குழாய் தொய்வாகவே தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. அச்சு இறங்கும்போது 40 வேண்டும். குழாயோ 35தான்! அச்சின் எடையும் சக்கரங்களின் எடையும் சேர்ந்து அந்தக் குழாயின் கழுத்தைப் பிடித்து இழுக்கும். ஒரு நாளில் அறாமல் போகலாம். ஆனால் இரும்புப் பூணில் ரப்பர் நுழையும் இடத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சிறு கீறல் கூடும். கடைசியில் குழாய் எப்போது அறும் தெரியுமா? டிரைவர் பலமாக மிதிக்கும் நேரத்தில்தான். அழுத்தம் அதிகமாவது அப்போதுதானே!

பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றாகத் திரவம் போகும். ஓரிடத்தில் அறுந்தால் நான்கு பிரேக்கும் போச்சு. பிந்தைய வண்டிகளில் சுற்றை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று போனாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிரேக் வரலாற்றிலேயே மிகப் பெரிய முன்னேற்றமாகத் தோன்றுகிறது. பளபளக்கும் புதுமைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இந்தக் குறையைச் சரிசெய்யச் சிலர் செய்யும் குறுக்கு வழிகள் உண்டு. குழாய் மாட்டும் கொக்கியை வளைத்துக் கீழே இறக்குவது, இரண்டு பழைய குழாய்களை இணைத்து நீட்டுவது, கையில் கிடைத்த ரப்பர் குழாயைப் பட்டை போட்டு இறுக்குவது. கடைசியாகச் சொன்னதைச் செய்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் தாங்கும் அழுத்தம் வேறு, இது வேறு. அந்த வேலைக்கென்றே செய்து, முனைகளை ஆலையிலேயே நெருக்கிப் பொருத்திய நீளமான குழாய்தான் வேண்டும். அதுவும் அளவுக்கு மேல் நீண்டால் டயரில் உரசும், சைலன்சரில் சுடும்.

‘எஃகுப் பின்னல் குழாய்’ என்று ஒன்று பந்தய வண்டிகளில் உண்டு. உள்ளே ரப்பருக்குப் பதில் டெப்லான், அதாவது தோசைக்கல்லில் மாவு ஒட்டாமலிருக்கப் பூசும் அதே பொருள். அதன்மேல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல். இது மிகக் குறைவாகத்தான் உப்பும். பெடல் கல் மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பின்னல் எதன்மேல் உரசினாலும் அரம் போல அறுக்கும். உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. ஊருக்குள் ஓடும் ஜீப்புக்குப் புதிய, சரியான நீளமுள்ள ரப்பர் குழாயே போதும் என்பது என் கருத்து. நீளத்தைக் கவனிக்காமல் பின்னலுக்குச் செலவழிப்பவர்களே அதிகம்.

உயரம் கூட்டுவதில் இன்னொரு சூழ்ச்சியும் ஒளிந்திருக்கிறது. சரக்கு ஏற்றும் பல சிறு வண்டிகளில், பின் அச்சுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சிறு தண்டும் வால்வும் இருக்கும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். உடலை நாமே உயர்த்திவிட்டால் பாவம், அந்த வால்வுக்கு எப்படித் தெரியும்? “வண்டி காலி” என்று ஏமாந்து, பாரம் இருக்கும்போதும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பெரிய டயரும் தன் பங்குக்குக் கெடுக்கும். டயரின் ஆரம் 35 செ.மீ.யிலிருந்து 40 செ.மீ. ஆனால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை எட்டில் ஒரு பங்கு குறையும். பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் காரணமில்லாமல் அல்ல.

வட சென்னை வண்டிகளுக்கு வேறு ஒரு எதிரியும் உண்டு: கடற்காற்று. சட்டத்தை ஒட்டி ஓடும் எஃகுக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. பட்டை போட்டு இறுக்கிய இடத்தில் உப்பும் ஈர மணலும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். “துருப்பிடிக்காதே” என்று செம்புக் குழாயைப் போடுபவர்கள் உண்டு. தனிச் செம்பு அதிர்ச்சியில் இறுகி வெடிக்கும். செம்போடு பத்து சதவீதம் நிக்கல் சேர்த்த கலவைதான் அதற்குச் சரி. கடலில் ஓடும் கப்பல்களின் உப்புநீர்க் குழாய்களுக்கும் இதே கலவைதான்.

பிரேக் திரவமும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. மூன்றே முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்தாலே அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். எண்ணூரின் சமதரையில் இது தெரியாது. அதே வண்டியில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் பாருங்கள். சக்கரத்தின் சூட்டில் திரவம் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். நம் இரண்டாவது சோதனைதான்! பெடல் தரை வரை போகும்.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் எதை நம்பி ஓடுகின்றன? அவற்றில் திரவம் இல்லை, அழுத்தப்பட்ட காற்று. முன் வண்டிக்கும் பின்னால் இழுபடும் ட்ரெய்லருக்கும் நடுவே சிவப்பும் மஞ்சளுமாகச் சுருள் குழாய்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். லாரி திரும்பும்போது நீள்வதற்காகத்தான் அந்தச் சுருள். மஞ்சள், பிரேக் போடும் கட்டளையைக் கொண்டுபோகும். சிவப்பில் எப்போதும் காற்று நிறைந்திருக்க வேண்டும். சிவப்பு அறுந்தால் ட்ரெய்லரின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்! அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்குச் செய்த முதல் காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. மூன்றே ஆண்டுகளில் அவர் அதைத் தலைகீழாக்கினார்: காற்று இருந்தால் பிரேக் விடும், காற்று போனால் பிடிக்கும். சென்னைப் பாடியில் 1962இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், நம் நாட்டு லாரிகளுக்குக் காற்று பிரேக் செய்யத் தொடங்கியதும் இந்த வழியில்தான். ஜீப்பின் திரவ பிரேக்குக்கு இந்தக் காவல் கிடையாது. அங்கே குழாய்தான் எல்லாம்.

மறுநாள் மாலை நான் போனபோது, ஜீப்பில் புதுக் குழாய்கள் ஏறியிருந்தன. மெக்கானிக் மறுபடி சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்து, குழாய் எதிலாவது உரசுகிறதா என்று பார்த்தார். அப்புறம் ஏர் எடுத்தார்கள். ஷெட் பையன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இவர் சக்கரத்தருகே திருகைத் தளர்த்தினார். முதலில் நுரை, பிறகு குமிழியோடு திரவம், கடைசியில் தெளிந்த திரவம் மட்டும். முழுதாக முக்கால் மணி நேரம் ஆயிற்று.

“இந்தச் சுருளை எடுத்துட்டுப் பழசையே போட்டுடுங்கன்னு ஓனர்கிட்ட சொல்லியிருக்கேன் சார். அதுவரைக்கும் இது தாங்கும்” என்றார். கழற்றிய குழாயை வாங்கிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. பூணின் அருகே இரண்டு கையாலும் மடக்கினேன். மூன்று கீறல்கள் வாய் திறந்தன. ஒன்றில் வெள்ளை நூல் பின்னல் எட்டிப் பார்த்தது.